எண்ணைத் தேடிப் போனோம், சென்னையைக் கண்டோம்

"படிக்கிற பிள்ளைகளுக்கு ஊர் சுற்றும் வேலை எதற்கு?"

சென்ற தை மாதம் எங்கள் வகுப்பிலிருந்து பெற்றோருக்கு ஓர் அனுமதிக் கடிதம் அனுப்பினோம். ஒரு தந்தையார் தம் கையொப்பத்துக்கு மேலே இந்த வரியை எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். தலைமைச் சகோதரி அதை எங்கள் முன் படித்துக் காட்டினார். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயமான கேள்விதான். போய் வந்து நீங்களே பதில் சொல்லுங்கள். ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்றார். பதினோராம் வகுப்பு மாணவியர் பதினெட்டுப் பேரும் சேர்ந்து எழுதும் அந்தப் பதிலே இக்கட்டுரை.

விளையாட்டின் பிறப்பு

நாங்கள் ஆடிய விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். 'ஜியோ' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பூமி என்பது பொருள். 'கேஷ்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஒளித்து வைத்த பொருளைக் குறிக்கும். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கோ மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைக் கொண்டு தேடிச் செல்வார்கள். பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளிருக்கும் பொருள் எதையேனும் எடுத்தால் ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும் என்பது விதி.

இவ்விளையாட்டுக்குப் பிறந்த நாள் உண்டு. அமெரிக்க இராணுவத்துக்காக உருவான ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் அமைப்பு, பொதுமக்களுக்கு வரும் சைகையை வேண்டுமென்றே பிழைபடுத்தி அனுப்பி வந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அந்தத் தடை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே, காட்டுக்குள் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் எண்களை அறிவித்தார். மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பிடங்கள் உள்ளன.

எண் எப்படி இடத்தைக் காட்டுகிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இந்தச் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன்; இப்போது நேரம் இது" என்று அவை இடைவிடாது வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அந்த அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். கைப்பேசியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று வேண்டும்.

அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 நிமிடம். ஒரு நிமிடம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 1,852 மீட்டர். அதை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு கூறு 1.85 மீட்டர், அதாவது நாம் இரண்டு மூன்று எட்டு வைக்கும் தூரம். ஓர் இலக்கம் தவறினால் எவ்வளவு தூரம் தள்ளிப் போவோம் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். நாங்கள் கணக்கிடவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வேட்டையின் விதிகள்

சென்னை நகரத்தின் பழைய கட்டடங்களில் பெட்டி எதையும் ஒளிக்கக்கூடாது என்று எங்கள் வரலாற்று ஆசிரியை முதலிலேயே கூறிவிட்டார். கோட்டையிலோ நீதிமன்றத்தருகிலோ கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் காவல் துறையினர் ஓடி வருவார்கள். பழஞ்சுவரின் கல்லைப் பெயர்த்து இடம் உண்டாக்குவதும் குற்றம். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் பெட்டிக்குப் பதிலாக ஒரு கேள்வி. கேள்விக்கு விடை ஓர் ஆண்டு. அந்த ஆண்டின் ஓர் இலக்கத்தை, அடுத்த இடத்தின் எண்ணில் விடுபட்ட கட்டத்தில் நிரப்ப வேண்டும். வரலாறு தவறினால் வழியும் தவறும்.

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர எங்களுக்கு அனுமதியில்லை. ஆசிரியைகள் இருவரின் கைப்பேசிகளே எங்களுக்கு வழிகாட்டின. மற்றபடி ஆளுக்கொரு குறிப்பேடு, தண்ணீர்ப் புட்டி, கட்டுச்சோறு. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டோம்.

முதல் இடம்: நடந்து சென்ற விளக்கு

முதல் எண் எங்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அருங்காட்சியகத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. (வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, போக விரும்புவோர் குறித்துக்கொள்க.) 1795-இல் கட்டி முடிந்தபோது இது வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் மாளிகை. பின்பு இராணுவ அதிகாரிகளின் உணவு விடுதி. 1948-இல்தான் அருங்காட்சியகமாயிற்று.

எங்களை வியக்க வைத்தது வேறொரு செய்தி. 1796-இல் இக்கட்டடத்தின் உச்சியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எண்ணெய் ஊற்றி ஏற்றப்பட்டது. 1844-இல் அந்த வேலை, இன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் தனியே நிற்கும் உயரமான கல்தூணுக்குப் போயிற்று. 1894-இல் அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் கோபுரத்துக்கே ஏறியது. 1977-இல் மெரினாக் கடற்கரையில் இன்றுள்ள கலங்கரை விளக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வேலை ஒன்றுதான், அதைச் செய்த இடங்கள் நான்கு. விளக்குப் போன பிறகும் பழைய கட்டடங்கள் மூன்றும் வேறு வேறு காரணங்களுக்காக நின்றுகொண்டிருக்கின்றன.

கோட்டையிலிருந்து வடக்கே நடந்து, கல்தூணை வெளியிலிருந்தே பார்த்தோம். "இத்தூணில் விளக்கு எரியத் தொடங்கிய ஆண்டின் மூன்றாம் இலக்கம் என்ன?" என்பது கேள்வி. பார்த்த கண்ணோடு விடையையும் அவசரமாக எழுதினோம். 1894 என்று எண்ணி ஒன்பதைக் கட்டத்தில் நிரப்பினோம். கைப்பேசியோ சென்ட்ரல் நிலையத்துக்கும் அப்பால், ரயில் பாதைகளுக்கு வடக்கே ஏதோ ஒரு தெருமுனையைக் காட்டியது. ஆசிரியை சிரித்துக்கொண்டே, "குறிப்பேட்டைப் புரட்டுங்கள்" என்றார். தூணின் ஆண்டு 1844. கோபுரத்தின் ஆண்டு 1894. நான்குக்குப் பதில் ஒன்பது எழுதியதால் ஏறத்தாழ 900 மீட்டர் தள்ளிப் போயிருந்தோம்! தேர்வில் ஆண்டைத் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே கால் வலிக்க ஒரு கிலோமீட்டர் போகும்.

இரண்டாம் இடம்: எண் இருக்கிறது, கட்டடம் இல்லை

இலக்கத்தைத் திருத்திக்கொண்டு, கோட்டை நிலையத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினோம். சாலையைக் கடந்து சென்ட்ரலை அடுத்துள்ள புறநகர் ரயில் நிலையத்துக்குப் போனோம். எங்கள் தாளில் "நூறு ஆண்டுக்கு முந்திய சிவப்புக் கட்டடம், நான்கு புறமும் கடைகள், நடுவில் திறந்தவெளி" என்று குறிப்பு இருந்தது. எங்களைச் சுற்றிலும் பயணச்சீட்டு வரிசையும், ஓடும் மனிதரும், ஒலிபெருக்கியுமே இருந்தன. சிவப்புக் கட்டடம் எதுவும் இல்லை.

முன்பே ஒருமுறை தவறியவர்கள் நாங்கள். மறுபடியும் இலக்கம் தவறிவிட்டது என்று முடிவுகட்டினோம். கூட்டிப் பார்த்தோம், மாற்றிப் பார்த்தோம், முற்றத்தை மூன்று முறை சுற்றி வந்தோம். அரைமணி நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழி போடும் அளவுக்கு வந்துவிட்டோம். அப்போது தாளின் கடைசி வரியை ஒருத்தி உரக்கப் படித்தாள்: "விடை தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்கலாம்."

மேலே சொன்ன தந்தையாரின் மகள் எங்களோடு இருந்தாள். அவள் ஆசிரியையின் கைப்பேசியை வாங்கி வீட்டுக்குப் பேசினாள்.

"அப்பா, சென்ட்ரல் பக்கத்திலே சிவப்பா ஒரு பழைய கட்டடம், நாலு பக்கமும் கடைங்க. அது எங்கேப்பா இருக்கு?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அது மூர் மார்க்கெட்டும்மா. நீங்க நிக்கிற இடந்தான் அது" என்றார்.

அதன்பின் பத்து நிமிடம் அவரே பேசினார்; கைப்பேசியைச் சுற்றி நாங்கள் நின்று கேட்டோம். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தந்தையார் அவரை அங்கே அழைத்து வருவாராம். பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசிப் பாடப் புத்தகம் வாங்குவார்களாம். கிளிகளும் புறாக்களும் முயல்களும் விற்கும் பக்கம் போனால் அவரை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாம். அங்கே வாங்கிய பழைய உலக வரைபடப் புத்தகம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறதாம். "எரிஞ்சு போனப்போ நான் நாலாம் வகுப்பு. மறுநாள் எங்கப்பா கூட்டிட்டு வந்து காட்டினார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம திரும்பி வந்தோம்" என்றார்.

மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டிய அந்தச் சந்தை 1900-இல் திறக்கப்பட்டது. 1985 மே 30-ஆம் நாள் தீக்கிரையானது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இடம் ரயில் நிலையத்துக்கு வந்தது. ஆயினும் ரயில்வே இன்றும் இந்த நிலையத்தை மூர் மார்க்கெட் வளாகம் என்றே குறிப்பிடுகிறது. கட்டடம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் எண் சரியாகத்தான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும். அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவரிடம் நாம் கேட்கவும் வேண்டும்.

மூன்றாம் இடம்: அளந்தவரே கட்டிய மண்டபம்

அடுத்து ஓமந்தூரார் தோட்டத்திலுள்ள ராஜாஜி மண்டபம். அகன்ற படிக்கட்டும், வரிசையான தூண்களும் பார்ப்பதற்குப் பழைய கிரேக்கக் கோயில்போல் இருக்கும். பிளாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் பெற்ற வெற்றிகளின் நினைவாக, ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில் ஆங்கிலேயர் 1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் இது. பின்னர்ப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் இங்கே நடந்தன. 1938, 1939 ஆண்டுகளில் சட்டமன்றம் இங்கே கூடியது. 1948-இல் ராஜாஜியின் பெயர் பெற்றது. எம்.ஜி.ஆர். (1987), ஜெயலலிதா (2016), மு. கருணாநிதி (2018) ஆகியோரின் உடல்கள் மக்களின் அஞ்சலிக்காக இப்படிக்கட்டின் மேல்தான் வைக்கப்பட்டன. வெற்றி விருந்துக்கென்று எழுப்பிய இடம், ஒரு மாநிலமே கண்ணீர் விடும் இடமாயிற்று.

இதைக் கட்டியவர் ஜான் கோல்டிங்காம். அவர் கட்டடக் கலைஞர் மட்டுமல்லர். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக்கூடத்தின் வானியலாளர். வியாழன் கோளின் நிலவுகள் மறையும் நேரத்தைக் கவனித்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டவர் அவர். அவர் கண்ட விடை கிழக்கே 80 பாகை, 18 நிமிடம், 30 வினாடி. அதன்படி சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. பிற்காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை நேரத்தின்படியே ஓடின.

அவருடைய எண்ணை நாங்கள் கைப்பேசியில் இட்டுப் பார்த்தோம். அது எங்களை வங்காள விரிகுடாவுக்குள் போகச் சொன்னது! ஆறு கிலோமீட்டருக்கு மேல் பிழை. எல்லோரும் சிரித்தோம். ஆசிரியை சிரிக்கவில்லை. "செயற்கைக்கோள் இல்லை, மின்சாரம் இல்லை. தொலைநோக்கியும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, பூமியின் சுற்றளவான நாற்பதாயிரம் கிலோமீட்டரில் ஆறு கிலோமீட்டர்தான் தவறினார். நீங்கள் கையில் கருவியோடு இன்று காலை எவ்வளவு தவறினீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

அதே தோட்டத்தில் இன்னொரு பெரிய கட்டடம் நிற்கிறது. அங்கிருந்த பழைய ஆளுநர் மாளிகையை இடித்துவிட்டுப் புதிய சட்டமன்றத்துக்காக எழுப்பி, 2010-இல் திறக்கப்பட்டது. 2014-இல் அது அரசுப் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறியது. கட்டடத்தின் வேலை மாறுவதற்கு நூறு ஆண்டு ஆக வேண்டியதில்லை. நான்கே ஆண்டு போதும்.

நான்காம் இடம்: பனிக்கட்டியிலிருந்து பள்ளிக்கூடம்

பேருந்து ஏறிக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். ஐஸ் ஹவுஸ் என்று ஊரார் சொல்லும் விவேகானந்தர் இல்லம் எங்களுக்குப் பழக்கமான கட்டடம்தான். உருண்டை முகப்பும், உச்சியில் அன்னாசிப் பழம் போன்ற முடியும் பேருந்திலிருந்தே தெரியும். ஆனால் அதன் கதையை எங்களில் ஒருவரும் முழுதாக அறிந்திருக்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் அங்குள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூள் பொதிந்து கப்பலேற்றினார். 1833-இல் முதன்முதல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் 180 டன் பனிக்கட்டி இருந்தது. நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். மிச்சம் வழியிலேயே உருகிப்போயிற்று. சென்னைக்கு வரும் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்ததே இக்கட்டடம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பனிக்கட்டிக் கிடங்குகள் மறைந்துவிட்டன. இது மட்டுமே நிற்கிறது. ஏன்?

1870-களில் இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கிடங்குக்கு வேலை போயிற்று. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். காற்றோட்டத்துக்குச் சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னனின் நினைவாகக் 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார்.

1917-இல் அரசு இதை வாங்கியது. அதன்பின் இங்கே குடிவந்தவர்கள் எங்களைவிடச் சிறிய பெண்கள். விளையாடும் வயதில் மணமாகி, மணம் என்றால் என்னவென்று அறியுமுன்னே விதவையாகி, மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். அவர்களைத் திரட்டிப் படிக்க வைத்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் சிறுவயதிலேயே கணவரை இழந்தவர்தான். எழும்பூர் பிரசன்டேஷன் கன்னியர் மடப் பள்ளியில் படித்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் நடத்திய சாரதா இல்லத்துப் பெண்கள் இக்கட்டடத்தில் தங்கிப் படித்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகளானார்கள். மூலைக்குள் இருந்தவர்கள் வகுப்பறைக்கு முன்னே வந்து நின்றார்கள்.

1963-இல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது கட்டடத்துக்கு இன்றைய பெயர் வந்தது. 1999 முதல் கண்காட்சி நடைபெறுகிறது.

காலையில் கோட்டையில் நின்றபோது எங்களில் ஒருத்தி, "பழசையெல்லாம் இடிச்சுட்டு வீடு கட்டினா எவ்வளவு பேர் குடியிருக்கலாம், மிஸ்!" என்று கேட்டிருந்தாள். அது வீடில்லாதவர்களை எண்ணிக் கேட்ட கேள்விதான், தவறில்லை. ஆனால் ஐஸ் ஹவுஸின் தாழ்வாரத்தில் நின்றபோது அவளே சொன்னாள்: "1880-லே யாராவது இதை வீண் கிடங்குன்னு இடிச்சிருந்தா, 1917-லே அந்தப் பிள்ளைங்க எங்கே போயிருப்பாங்க?"

எங்கள் வேட்டையில் நாங்கள் கண்ட உண்மை இதுதான். பழைய கட்டடத்தைப் பூட்டி வைத்தால் காப்பாற்றியதாகாது. அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வேலை மாறிக்கொண்டே இருந்ததால்தான் ஐஸ் ஹவுஸ் பிழைத்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், "இது இன்னும் எதற்கு உதவும்?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்களும் செய்யலாம்

இதற்குச் சென்னைதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரில் பழைய ரயில் நிலையம், சந்தை, சத்திரம், தபால் நிலையம் எதுவானாலும் சரி. நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் எண்களையும் திறந்த வானத்தின்கீழ் நின்று குறியுங்கள். உயர்ந்த சுவர்களின் அருகே அலை எதிரொலித்துக் கருவி தடுமாறும். கல்வெட்டிலோ பெயர்ப்பலகையிலோ கண்ணால் காணக்கூடிய ஆண்டையே கேள்வியாக்குங்கள். ஓரிடமாவது இப்போது இல்லாத கட்டடமாக இருக்கட்டும். உள்ளே செல்லுமுன் அனுமதி கேளுங்கள். பெரியவர் ஒருவர் துணையின்றிப் போகாதீர்கள். எதையும் எடுக்காதீர்கள், கிறுக்காதீர்கள். வீடு திரும்பியதும் கேட்டதை அன்றே எழுதி வையுங்கள்.

பதில்

மாலை ஐந்து மணிக்கு, மணலோரமாக நடந்து, கடைசி எண் காட்டிய கலங்கரை விளக்கத்தின் அருகே வந்து சேர்ந்தோம். காலையில் கோட்டையில் தொடங்கிய விளக்கின் கதை அங்கே முடிந்தது. பாதையோரத்தில் தலைமைச் சகோதரி ஒரு பிஸ்கட் டப்பாவோடு காத்திருந்தார். அன்றைய வேட்டையின் ஒரே பெட்டி அதுதான். உள்ளே பதிவேடாக ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன. பக்கத்திலேயே பதினெட்டுப் பொட்டலம் சுண்டல்.

மகளை அழைத்துப்போக அந்தத் தந்தையாரும் வந்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புத்தகம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய உலக வரைபடம்! அட்டை கிழிந்து, ஓரங்கள் பழுத்திருந்தன. முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் விலை எழுதியிருந்தது. அவருடைய மகள் அதை அதற்குமுன் பார்த்ததே இல்லையாம்.

நாங்கள் ஒவ்வொருவராகப் பதிவேட்டில் பெயர் எழுதினோம். சகோதரி நோட்டை அவரிடமும் நீட்டினார். அவர் சற்றுத் தயங்கிப் பேனாவை வாங்கினார். எங்கள் பெயர்களின் கீழே தம் பெயரையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டார். இம்முறை கையொப்பத்துக்கு மேலே கேள்வி எதுவும் எழுதவில்லை.